காப்பகத்தை மதிப்பிடுவது யார்?

வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் நெடுஞ்சாலையை விட்டுச் சற்றே விலகி, மறதிநோயுற்ற முதியோரையும் மனநோயுற்றோரையும் ஒருசேர வைத்துப் பராமரிக்கும் சிறிய இல்லம் ஒன்று உள்ளது. சென்ற கார்த்திகையில் நாங்கள் நால்வர் அங்கே சென்றிருந்தோம். இல்லத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த ஓர் இல்லத்தைப் பற்றியதன்று எங்கள் வழக்கு. பதினேழு பேர் தங்கியிருந்தனர். முன்னறை மேசையில் பார்வையாளர் குறிப்பேடு இருந்தது. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் ஒருவேளை உணவளிக்க வந்தவர்கள் எழுதிவைத்த வரிகள்தாம் அதில் பெரும்பாலும். தெய்வத் தொண்டு என்றும், கண்கள் பனித்தன என்றும், இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும் என்றும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பின்கட்டின் கம்பிக்கதவு பகலிலும் ஏன் பூட்டியிருக்கிறது என்றும் யாரும் வினவவில்லை.

இந்தக் குறிப்பேட்டை ஒரு குறியீடாகவே கொள்ளலாம். காப்பகங்களைப் பற்றித் தமிழில் நமக்கிருப்பது இரண்டே மொழிகள். ஒன்று புகழ்மொழி, மற்றொன்று சாபம். நடத்துபவர் மகானாக இருக்க வேண்டும். இல்லையேல் உறுப்புத் திருடனாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில், சம்பளம் கொடுக்கத் திணறிக்கொண்டு, சிலவற்றை நன்றாகவும் சிலவற்றை மோசமாகவும் செய்துகொண்டிருக்கும் மனிதர் ஒருவர் இருக்கக்கூடும் என்பதை நாம் ஏற்பதில்லை. ஆதலால் அவருடைய பணியை அளந்து பார்க்கும் சொற்களும் நம்மிடம் இல்லை.

இதில் இலக்கியவாதிகளின் பங்கு சிறிதன்று. முதியோர் இல்லத்தைப் பற்றி நம் இதழ்களில் வந்த கதைகளின் வார்ப்பு நாம் யாவரும் அறிந்ததே. வெளிநாட்டு மகன், கல்நெஞ்ச மருமகள், சன்னலோரம் அமர்ந்து கடிதத்துக்குக் காத்திருக்கும் தாய், இறுதியில் ஒரு தந்தி அல்லது தொலைபேசி அழைப்பு. இல்லம் அங்கே ஒரு பாவத்தின் முகவரி மட்டுமே. அதன் சமையலறை, அதன் மருந்துப் பெட்டி, அங்கே கூலிக்குக் கால் கழுவிவிடும் பெண், இவை எதுவும் கதைக்குள் வருவதில்லை. தாயின் கண்ணீருக்குத் தீர்ப்பு வழங்கியதோடு எழுத்தாளன் கடமை முடிந்துவிடுகிறது. இவ்வகைக் கதைகளைக் கண்ணீரோடு படித்து வளர்ந்தவர்களே குறிப்பேட்டிலும் எழுதுகிறார்கள்.

தோல் வட்டாரத்தில் இந்தக் கதை எடுபடாது என்பதே எங்கள் முதல் வாதம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என நீளும் இப்பகுதியில் ஷூ கம்பெனிகளின் தையல் வரிசைகளில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் பெண்கள். விடிந்தும் விடியாததுமாகக் கிராமங்களுக்குக் கம்பெனி வண்டி வந்து நிற்கிறது. மாமியாருக்கு அடுப்பின்மேல் பால் வைத்தது நினைவில்லை, வீட்டு வழி நினைவில்லை என்றால் மருமகள் செய்யக்கூடியது இரண்டில் ஒன்று: வேலையை விடுவது, அல்லது வீட்டை வெளியே பூட்டிவிட்டு வண்டியேறுவது. இரண்டாவதைத் தேர்ந்தவர்கள் பலரை நாங்கள் அறிவோம். அவர்களைக் குறைகூறும் தகுதி எங்களுக்கு இல்லை. காப்பகம் என்றதும் முகம் சுளிக்கும் அன்பர்கள், பகல் முழுதும் பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டை ஒருமுறையேனும் மனக்கண்ணில் காண வேண்டும். அவ்வீட்டைச் சோதிக்க எந்த அதிகாரியும் வருவதில்லை.

இதே வேலூரில்தான் இதற்கு முற்றிலும் வேறான முயற்சி ஒன்றும் நடந்தது. கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியபோது, நோயாளியைச் சுவருக்குள் ஒப்படைத்துவிட்டுப் போகும் வழக்கத்தை அது ஏற்கவில்லை. உறவினர் ஒருவர் உடன் தங்க வேண்டும், சமைக்க வேண்டும், நோயைப் பற்றி அவரும் கற்றுக்கொண்டு திரும்ப வேண்டும். ஏறத்தாழ அதே பத்தாண்டில் அமிர்தசரசில் வித்யா சாகர் உறவினரைக் கூடாரங்களில் தங்கவைத்து இதையே செய்துகொண்டிருந்தார். மேலைநாடுகள் பெரும் மனநோய் விடுதிகளைக் கைவிடத் தொடங்கிய காலத்திலேயே இங்கு இந்தத் தெளிவு இருந்தது என்பதில் நாம் பெருமை கொள்வது நியாயமே. எனினும் அந்த ஏற்பாடு ஒன்றை முன்நிபந்தனையாகக் கொண்டிருக்கிறது: வாரக்கணக்கில் கூலியை விட்டுவிட்டு உடன் தங்கக்கூடிய ஓர் உறவினர். அவர் யாராக இருப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மேலும் மறதிநோய் சில வாரங்களில் தேறி வீடு திரும்பும் நோயன்று. ஆகவே சிறு காப்பகங்கள் தோன்றத்தான் செய்யும், தோன்றியிருக்கின்றன.

அப்படியானால் அவற்றை எதைக் கொண்டு அளப்பது? இதற்கும் வேலூரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மறதிநோயாளிகளில் சுமார் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, அவர்களைப் பற்றிய ஆய்வோ மொத்தத்தில் 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்ற வெட்கக்கேட்டைப் பெயராகவே சூட்டிக்கொண்டு, ‘10/66’ என்னும் ஆய்வுக்குழு 1998-இல் கொச்சியில் நடந்த மாநாட்டில் உருவானது. அதன் கிராமப்புற இந்தியக் களம் வேலூர் மாவட்டம். 2008-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவுகளின்படி, அமெரிக்க மனநோய் வகைப்பாட்டின் அளவுகோலைக் கொண்டு பார்த்தால் இக்களத்தின் முதியோரிடையே மறதிநோய் 0.3 விழுக்காடே. அளக்கப்பட்ட இடங்களிலேயே இதுதான் குறைவு. குழு தானே உருவாக்கிய அளவுகோலால் அதே மக்களை அளந்தபோது எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது.

காரணம் எளியது. முதலாவது அளவுகோலின்படி, நோயினால் அன்றாட வாழ்வு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று உடனிருப்பவர் சொல்ல வேண்டும். நம் வீட்டாரைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? வயதானால் அப்படித்தானே, பாட்டிக்கு வேலை ஒன்றும் கிடையாதே, நாங்கள்தாம் எல்லாம் செய்கிறோமே என்பார்கள். எதிர்பார்ப்பே இல்லாத இடத்தில் இழப்பும் பதிவாவதில்லை. இல்லத்தைப் பற்றி உறவினரிடம் கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார்கள். நன்கொடையாளரிடம் கேட்டால் கண்கள் பனித்தன என்பார்கள். நடத்துபவரிடம் கேட்பது வீண். இவர்கள் யாரும் பொய் சொல்பவர்கள் அல்லர். ஆனால் அங்கே பகலைக் கழிப்பவர் இவர்களில் எவரும் இல்லை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல சட்டமும்கூட. 2017-இல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவைப் படிக்கும்போது, அதை எழுதியவர்களில் எவரோ காப்பகங்களின் உட்புறத்தைக் கண்ணால் கண்டிருக்கிறார் என்று தோன்றும். கட்டாயமாகத் தலையை மழிக்கக் கூடாது. சொந்த உடையை உடுத்த விரும்பினால் தடுக்கக் கூடாது. வேலை வாங்கினால் ஊதியம் தர வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய்க்கால அணையாடை கிடைக்க வேண்டும். 95-ஆம் பிரிவு சங்கிலியை எவ்வடிவிலும் தடைசெய்கிறது. 19-ஆம் பிரிவு, ஏற்றுக்கொள்ளக் குடும்பம் இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை நிறுவனத்தில் வைத்திருக்கலாகாது என்கிறது. பதிவு பெற்ற நிறுவனங்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்யப்பட வேண்டும். ஆனால் நாங்கள் சென்ற இல்லத்தின் பொறுப்பாளர் இது மனநல நிறுவனம் அன்று, முதியோர் இல்லம் என்றார். வாசற்பலகையிலும் அப்படியே இருந்தது. சட்டமோ மனநோய் என்பதற்கான வரையறையில் சிந்தனை, மனநிலை ஆகியவற்றோடு இடம், காலம் பற்றிய உணர்வின் கோளாறையும் நினைவாற்றலின் கோளாறையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. பலகையை மாற்றினால் சட்டம் மாறிவிடாது. மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விடத்தில் உதவாது. மாவட்டந்தோறும் வறியவர் 150 பேருக்காவது இடமளிக்கும் இல்லம் வேண்டும் என்று அது பேசுகிறது. பதினேழு பேர் வாழும் வாடகை வீட்டின் பின்கட்டை அது நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பின்கட்டில் நாங்கள் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்பதை நெருங்கிய மூதாட்டி ஒருவர், கம்பிக்கதவைப் பிடித்தபடி “கர்கு ஜானா, கர்கு ஜானா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய ஏட்டில் ‘பொருளற்ற பேச்சு, இரவில் உறக்கமில்லை’ என்று தமிழில் எழுதி, அதன் கீழே ஒரு மாத்திரையின் பெயரும் இருந்தது. எங்களில் ஒருவர் வாணியம்பாடிக்காரர். அவர் தக்கனி உருதுவில் பேச்சுக் கொடுத்ததும் அந்த அம்மையார் தம் தெருவை, பள்ளிவாசலை, மாமியாரின் பெயரை வரிசையாகச் சொன்னார்; வீட்டில் தந்தை காத்திருப்பதாகவும் சொன்னார். ஆகவே நோய் உண்மைதான். ஆனால் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது பொருளற்ற பேச்சன்று. இப்பகுதியின் முதியோரில் பலருக்கு வீட்டுமொழி உருது என்பது ஊரறிந்த செய்தி. மறதிநோயில் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவதும் பலரிடம் காணப்படுவது. பணியாளர் இருவருக்கும் உருது தெரியாது. ஆறாயிரத்துச் சொச்சம் சம்பளத்துக்குப் பன்னிரண்டு மணிநேரம் உழைக்கும் அந்த ஆயாவை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. “அவங்க சொல்றது எனக்குப் புரியலைங்க, அய்யா, ஆனா கையைப் பிடிச்சா அமைதியாயிடுவாங்க” என்றார். ஏட்டில் எழுதியவரைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருந்தது.

அந்த மாத்திரையைப் பற்றியும் கேட்டோம். யார், எப்போது எழுதிக்கொடுத்தது என்ற சீட்டு கிடைக்கவில்லை. மறதிநோயுற்ற முதியோருக்கு மனப்பிறழ்வு மருந்துகளைக் கொடுத்தால் இறப்பு மிகுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் புதியவகை மருந்துகளுக்கும், 2008-இல் பழையவகைக்கும் கடும் எச்சரிக்கை விடுத்தது. அம்மருந்துகளுக்கு இடமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அது மருத்துவர் முடிவு. இரவில் ஒரே ஆள் இருக்கும் வீட்டில், அந்த மாத்திரை இரண்டாவது ஆளின் வேலையைச் செய்கிறது என்பதே எங்கள் ஐயம். சங்கிலியைத் தேடி வரும் சோதனையாளர் கண்ணுக்கு இது தென்படாது.

அளக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டில் டாம் கிட்வுட் வகுத்த முறையில், பார்வையாளர் பொதுக்கூடத்தில் மணிக்கணக்கில் அமைதியாக அமர்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளியும் என்ன செய்துகொண்டிருக்கிறார், முகம் எப்படி இருக்கிறது, யாராவது அவரிடம் பேசினார்களா என்று குறிக்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்ட மதிப்பீட்டுக் கையேடு, மதிப்பிடும் குழுவிலேயே மனநோயை வாழ்ந்து கடந்தவர்களும் இருக்க வேண்டும் என்கிறது. இவற்றுக்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஒரு பகலும், ஒரு நோட்டும், வாயை மூடிக்கொண்டு அமரும் பொறுமையும் போதும். கடைசியாகச் சொன்னதுதான் நம்மவரிடம் அரிது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவானது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலை ஏர்வாடியில் கூரைக்கொட்டகை தீப்பற்றி, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். சில நாட்களில் அங்கிருந்த இல்லங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை அரசு அப்புறப்படுத்தியது. இடம் மாறியதே தவிர, அவர்களுக்கு வீடு கிடைத்துவிடவில்லை. சோதனை என்று வந்தால் முடிவு மூடுவிழாதான்; பிறகு அந்தப் பதினேழு பேர் எங்கே போவார்கள் என்று பொறுப்பாளர் எங்களைக் கேட்டார். மூடுவதற்காக அளப்பதை நாங்களும் எதிர்க்கிறோம். ஏர்வாடியில் பல்லாண்டுகள் எவரும் அளக்கவில்லை என்பதும், ஒரே வாரத்தில் அனைவரும் அளந்தார்கள் என்பதும்தான் கொடுமை. ஆண்டுக்கு இருமுறை அமைதியாகப் பார்த்து, இரவுப் பணிக்கு இன்னோர் ஆள் வேண்டும், அதற்கான தொகையை இன்னார் தர வேண்டும் என்று எழுதிவைப்பது வேறு வேலை.

யார் தருவது என்ற கேள்விக்கும் இவ்வூரிலேயே விடை இருக்கிறது. இங்கிருந்து ஏற்றுமதியாகும் காலணியை வாங்கும் ஐரோப்பிய நிறுவனங்கள், தொழிற்சாலையின் கழிப்பறைகளை எண்ணுகின்றன. அவசரகால வாயில் பூட்டியிருக்கிறதா என்று தள்ளிப் பார்க்கின்றன. தோல் பதனிடும் ஆலைகளுக்கு, நீர்ப் பயன்பாடு முதல் தோல் வந்த வழிவரை ஆராய்ந்து தங்கம், வெள்ளி என்று தரம் வழங்கும் பன்னாட்டு அமைப்பு 2005 முதல் இயங்குகிறது. பாலாற்றைக் கெடுத்ததற்காக 1996-இல் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பை ஊர் மறக்கவில்லை. 2025 ஜனவரியில் அது மீண்டும் சொல்ல நேர்ந்தது என்பது வேறு கதை. ஆட்டுத்தோலுக்கு இத்தனை கேள்வி கேட்கும் ஏற்பாடு, அதைத் தைத்தவளின் மாமியாரிடம் வந்ததும் ஒரு பொட்டலம் பிரியாணியோடு நின்றுவிடுகிறது. பெருநாளுக்கும் ஆண்டுவிழாவுக்கும் உணவளிக்கும் நிறுவனங்கள் அதை நிறுத்த வேண்டா. அத்தோடு ஓர் இரவுப் பணியாளரின் சம்பளத்தை ஏற்கட்டும். தொழிலாளியின் வீட்டு முதியவருக்குப் பகல்நேரப் பராமரிப்பு என்று ஒன்றை, குழந்தைகள் காப்பகத்துக்குப் பக்கத்திலேயே தொடங்கட்டும்.

புறப்படும்போது குறிப்பேட்டை நீட்டினார்கள். இரவுப் பணியாளர், மாத்திரைச் சீட்டு, உருது, கம்பிக்கதவு என்று நான்கு வரிகள் எழுதினோம். பொறுப்பாளர் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “கதவைத் திறந்துவிட்டா நெடுஞ்சாலைக்கு ஓடிடுவாங்க சார், போன வருஷம் ஒருத்தர் போயிட்டார்” என்றார். அதற்கு எங்களிடம் உடனடி விடை இல்லை. முற்றத்துக்கு வேலி போட எவ்வளவு ஆகும் என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம். உருது தெரிந்த நண்பர்கள் இருவர் வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் சென்று அமர இசைந்திருக்கிறார்கள். தை பிறந்ததும் நாங்கள் மறுபடி போவதாக இருக்கிறோம், இம்முறை இரவு ஒன்பது மணிக்கு மேல்.