பெட்டிக்குள் நிற்கும் வெள்ளி ரதம்

தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுவதைக் கைப்பேசியில் படம்பிடிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம், அவர்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய ஒளிநாடாக்களின் நினைப்புதான் எனக்கு வருகிறது. தொண்ணூறுகளில் நம் அப்பாக்களும் மாமாக்களும் ஹை-8, மினிடிவி கேசட்டுகளில் இதே ரதத்தைப் பிடித்து வைத்தார்கள். 2017-இல் தங்க ரதம் வருவதற்கு முந்தைய தைப்பூசம் அது. கார்களை ஏற்றிச் சென்ற பழைய ஃபெரியும் அந்த நாடாக்களில் ஓடும், இன்று நம்மிடையே இல்லாத பாட்டியும் அவற்றில் தேங்காய் உடைப்பார். நம் ஊர் ஈரக்காற்று அந்த நாடாக்களைச் சும்மா விடாது. கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடியாகப் பூஞ்சணம் படிந்திருந்தால் ஓட்டவே வேண்டாம், நாடாவும் கெடும், கேமராவும் கெடும், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால் கணினிக்கு மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். மினிடிவியை ஃபயர்வயர் என்ற இணைப்புக் கம்பி வழியே கணினியில் ஏற்றலாம்; ஹை-8-க்குப் பெரும்பாலும் இடையில் ஒரு மாற்றுக் கருவி வேண்டும். ஒரு மணி நேர நாடா ஏற ஒரு மணி நேரம் பிடிக்கும், குறுக்குவழி கிடையாது. 2025-க்குள் கணினிக்கு மாற்றாத நாடாக்கள் கைவிட்டுப் போகக்கூடும் என்று யுனெஸ்கோ 2019-இலேயே எச்சரித்தது. ஓட்டும் கருவிகளும் அவற்றைப் பழுதுபார்ப்பவர்களும் அருகி வருவதே பெரிய காரணம். படத்தில் நிற்பவர் யார், எந்த ஊர், என்ன உறவு என்று சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் இருக்கும்போதே, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்த வேலையை முடித்துவிடுங்கள்.