தையல் பிரித்த பின்னரே கவனம் தேவை

"தையல் பிரித்தாயிற்றே டாக்டர், இனி உட்காரலாம் அல்லவா?" படுக்கைப்புண்ணுக்காக 'ஃபிளாப்' எனப்படும் தசைமடல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் வீட்டார் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுவே. பல மாதங்களாக ஆறாத புண் மூடிவிட்டது. நோயாளியும் படுத்தே சலித்துவிட்டார். அவர்களது அவசரம் புரிகிறது. ஆயினும் மிகுந்த கவனம் தேவைப்படுவது அந்த நாளுக்குப் பிறகே என்பது என் உறுதியான கருத்து.

அறுவைக்குப் பின் மூன்றாம் வாரத்தில் தழும்பிற்கு இயல்பான தோலின் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இருக்கும். பல மாதங்கள் கழிந்தாலும் அது 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அவ்விடத்தில் உணர்ச்சி இல்லாததால் வலியும் எச்சரிப்பதில்லை. மேலும், அருகிலுள்ள தசையையும் தோலையும் நகர்த்தியே புண்ணை மூடுகிறோம். அந்த இருப்பு அளவானது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் அடுத்த அறுவைக்கான வாய்ப்பு குறைகிறது.

ஆகவே மருத்துவர் அனுமதிக்கும் வரை, பொதுவாக மூன்று முதல் ஆறு வாரங்கள், மடலின் மேல் உடற்பாரம் விழலாகாது. பிறகு முதலில் 15 நிமிடம் மட்டும் உட்கார வைத்து, உடனே படுக்க வைத்துத் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்திற்குள் மறைந்தால், மருத்துவர் சொன்னபடி நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மறையாவிடில் உட்காருவதை நிறுத்திவிட்டு எங்களைக் கேளுங்கள். மீண்டும் தார் சுற்றும் வேலைக்குத் திரும்ப விரும்புவோர் வெறுந்தரையில் அமர வேண்டா. நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையும் கூடாது. காய்ச்சல், துர்நாற்றம், தோல் கறுத்தல், தையல் விலகல் ஆகியவற்றில் எது தோன்றினும் அன்றே வாருங்கள்.

இவற்றையெல்லாம் வீட்டில் யார் செய்வது என்பதே என் கவலை. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன், முதுகுத்தண்டு அடிபட்டவர்களை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கும் நடைமுறையைக் கண்டிப்புடன் கடைப்பிடித்தார். அதற்கு அவரிடம் முறை மாற்றி வேலை செய்யும் பணியாளர்கள் இருந்தனர். நம் வீடுகளில் அப்பணி முழுவதும் மனைவி அல்லது தாய் ஒருவரின் மேல் விழுகிறது. சமையலும் பிழைப்பும் பார்த்துவிட்டு, இரவில் நான்கு முறை எழுந்திருப்பவர் அவர். புண் திரும்பினால், "அவள் சரியாகப் பார்க்கவில்லை" என்னும் பழியும் அவருக்கே. இதை நான் ஏற்பதில்லை. கோர்வைச் சேலை நெய்யத் தறியில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதை அறிந்த ஊர் இது. நோயாளியைப் பேணவும் இருவராவது வேண்டும்.

இதில் மருத்துவமனைக்கும் பொறுப்புண்டு. திருப்பிப் படுக்க வைக்கவும் தோலைச் சோதிக்கவும் வீட்டில் இருவரேனும் கற்றுக்கொண்ட பின்னரே நோயாளியை அனுப்ப வேண்டும் என்பேன். மகனும் அண்ணனும் கற்கட்டும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டிற்கே வந்து இயன்முறைச் சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் அளிக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவதில் தயக்கம் வேண்டா.

நமக்கு அண்மையில் உள்ள வேலூரில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்பிற்குக் கீழ் செயலிழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அங்கே மறுவாழ்வு மருத்துவத்திற்கும் வித்திட்டார். உட்கார்ந்த நிலையிலும் முழு வாழ்க்கை வாழலாம். அவ்வாறு பல்லாண்டு உட்கார வேண்டுமானால், இந்தச் சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமையின் சுமையை வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.