வெறுமனே திரும்பாத கேன்

1851இல் நியூயார்க் மாநிலத்தின் ரோம் ஊரருகே ஜெஸ்ஸி வில்லியம்ஸ் பாலாடைக்கட்டி ஆலை தொடங்கினார். அக்கம்பக்கத்துப் பாலை ஒரே கூரையின்கீழ் கட்டியாக்கும் ஏற்பாடு அமெரிக்காவில் அதுதான் முதல் என்பார்கள். அந்த முறை பரவிய ஊர்களில், காலையில் பால் கொண்டுவந்த கேன் வெறுமனே திரும்பவில்லை; மிஞ்சிய தெளிநீரோடு வீட்டுப் பன்றிகளிடம் போனது. நம் கழுநீர் மாட்டுக்குப் போன கணக்குதான்.

பத்து லிட்டர் பாலில் கட்டி ஏறக்குறைய ஒரு கிலோ. மீதி ஒன்பது லிட்டரும் தெளிநீர். ஆலைகள் பெருத்தன, பன்றிகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. கேன் போய் டாங்கர் லாரி வந்ததும் தெளிநீர் ஆற்றில் விழுந்தது. பாலின் சர்க்கரை பெரும்பாலும் அதில்தான் கரைந்திருக்கிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்னும்போது ஆற்றின் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். இந்தப் பசியின் அளவுதான் பி.ஓ.டி. ஆற்றில் விடும் நீருக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று 1912இல் பிரிட்டனின் ராயல் கமிஷன் வரம்பு சொன்னது. வீட்டுச் சாக்கடையில் அது சில நூறு. தெளிநீரில் 30,000க்கும் மேல். பால் சம்பந்தப்பட்டது சாக்கடையைவிடக் கொடியது என்று நம்ப மனம் வராதுதான்.

தெளிநீரைக் கொட்டுவதற்குச் செலவு ஏறிய பிறகே அதன் மதிப்பு தெரிந்தது. அயர்லாந்தின் கார்பெரி ஆலை 1978 முதல் அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்து ஆல்கஹால் வடிக்கிறது. சவ்வு வடிகட்டியில் தங்கும் புரதம், ஜிம் பையன்கள் டப்பாவில் வாங்கும் வே புரோட்டீன்.

ஆலைக் கழிவிலுள்ள பாஸ்பரஸுக்கு அந்த யோகம் இன்னும் வரவில்லை. பாலில் இருப்பது போதாதென்று, குழாய் கழுவும் பாஸ்பாரிக் அமிலமும் கழிவில் சேர்கிறது. காற்றில்லாத் தொட்டியில் மீத்தேன் எடுத்த பிறகும் பாஸ்பரஸ் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். மக்னீசியம் சேர்த்துக் காரத்தன்மையை ஏற்றினால், அம்மோனியாவையும் கூட்டிக்கொண்டு ஸ்ட்ருவைட் படிகமாகப் படியும்; வயலில் மெல்லக் கரையும் உரம் அது. ஐரோப்பிய ஒன்றியம், பாஸ்பரஸ் உரத்துக்கு மூலமான பாஸ்பேட் பாறையைத் தட்டுப்பாட்டு அபாயமுள்ள மூலப்பொருள்களில் சேர்த்தது 2014இல்தான்.

பாறை உரம் மலிவு என்பது ஆலைக்காரர்களின் வாதம். ஆற்றின் நஷ்டத்தை யாரும் பில்லில் போடாததால் வந்த மலிவு அது. ஆலைச் சேற்றை வயலுக்கு அனுப்பலாமே என்றால், அதில் பெரும்பங்கு தண்ணீர். தொலைவு கூடினால் லாரி வாடகையே தின்றுவிடும். உலர்ந்த படிகமோ மூட்டையில் எந்த ஊருக்கும் போகும், அந்தக் காலத்துக் கேன் போக முடியாத தூரத்துக்கும்.