யானையைப் பார்த்தோம், எதைக் கற்றோம்?



அண்மையில் நான்காம் ஆண்டு மாணவர்களைப் பகாங் மாநிலத்தில் லஞ்சாங் அருகே அமைந்துள்ள கோலா கண்டா தேசிய யானைகள் பாதுகாப்பு மையத்திற்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். திரும்பியதும் வழக்கம்போல் கட்டுரை எழுதப் பணித்தேன். பேருந்தில் பாடியது, யானைக்குப் பழம் ஊட்டியது, நிழற்படம் எடுத்தது ஆகியவை எல்லாக் கட்டுரைகளிலும் இருந்தன. அந்த யானைகள் ஏன் அங்கே இருக்கின்றன என்பதை ஒருவர்கூட எழுதவில்லை.

பிழை மாணவர்களுடையதன்று, என்னுடையது. புறப்படுமுன் நான் பேசியதெல்லாம் சீருடை, உணவுப் பொட்டலம், வரிசை ஆகியவற்றைப் பற்றியே.

அது வேடிக்கை காட்டும் இடமன்று. வனவிலங்குத் துறையின் யானை இடமாற்றக் குழு 1974இல் பணியைத் தொடங்கியது. மையம் 1989இல் உருவானது. தோட்டங்களுக்குள் வரும் காட்டு யானைகளைப் பிடித்து, பழக்கப்பட்ட யானைகளின் துணையோடு தாமான் நெகாரா போன்ற பெருங்காடுகளில் கொண்டுபோய் விடுவதே அக்குழுவின் பணி. தாயை இழந்த கன்றுகளும் மையத்தில் வளர்கின்றன.

"தோட்டத்திற்குள் யானை புகுந்தது" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். யானையின் வழித்தடத்திற்குள் தோட்டம் புகுந்தது என்று சொல்வதில்லை. என் தந்தையார் பால்மரம் சீவியவர். காடாக இருந்த மண்ணில்தான் எங்கள் லயம் நின்றது. பின்னாளில் தோட்டம் கைமாறி, பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தபோது நாங்களும் மூட்டை கட்டினோம். இடம் பெயர்வதன் வலியை அறிந்த நாமே இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்காவிட்டால் வேறு யார் உரைப்பது?

மறுநாள் வகுப்பில் ஒரு நிகழ்வை நினைவூட்டினேன். 2025 மே 11, அன்னையர் தினம். பேராக்கில் கிரிக் அருகே நெடுஞ்சாலையில் லோரி மோதி யானைக் கன்று ஒன்று மாண்டது. தாய் யானை அந்த லோரியை விட்டு நகர மறுத்து நின்றது. வகுப்பு அமைதியானது. பிறகு ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, அந்த இடம் முதலில் யாருடையது?"

நான் விடை கூறவில்லை. அந்தக் கேள்வியையே தலைப்பாக்கி மீண்டும் எழுதச் சொன்னேன். இம்முறை வந்த கட்டுரைகளில் எழுத்துப்பிழைகள் குறையவில்லை. ஆனால் சிந்தனை இருந்தது.

"பிள்ளைகள் மகிழ்ந்தால் போதாதா?" எனச் சிலர் கேட்கலாம். மகிழ்ச்சி வேண்டும், ஆனால் அதற்கு மட்டுமெனில் பள்ளி எதற்கு? சுற்றுலாவுக்கு முன் ஒரு பாடவேளையும் பின் ஒரு பாடவேளையும் ஒதுக்குவோம். பெற்றோர்களே, வீடு திரும்பும் பிள்ளையிடம் "என்ன பார்த்தாய்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "அது ஏன் அங்கே இருக்கிறது?" என்றும் கேளுங்கள்.

சிந்திப்போம்.