வாய் பேசாமல் காத்திருந்த ஊர்

தென் அமெரிக்காவின் படத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், வாசகர்களே. மேற்குக் கரையோரமாக விரலை வடக்கேயிருந்து தெற்கே நகர்த்திக்கொண்டே வாருங்கள். பெரு தேசம் முடிந்து சிலி தேசம் ஆரம்பமாகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் 'டாக்னா' என்று ஒரு பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். இன்னும் ஒரு நூல் தெற்கே போனால் 'அரிக்கா'. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 60 கிலோமீட்டர்தான். அதற்கு நடுவே ஒரு எல்லைக்கோடு ஓடுகிறது. டாக்னா பெருவைச் சேர்ந்தது. அரிக்கா சிலியைச் சேர்ந்தது.

ஒரு காலத்தில் இவை இரண்டும் ஒரே வீட்டின் வாசலும் கூடமும் மாதிரி இருந்தவை. நடுவில் கோடு போட ஏறக்குறைய ஐம்பது வருஷம் பிடித்தது. அந்த ஐம்பது வருஷக் கதைதான் இந்த வாரம்.

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். பெருவின் தலைநகரான லிமாவிலிருந்து சாலை வழியாக 1,300 கிலோமீட்டர் வந்தால் டாக்னா. பெரிய பட்டணம் என்று சொல்ல முடியாது. ஜனத்தொகை மூன்று லட்சத்தை ஒட்டியிருக்கும். கிழக்கே ஆண்டீஸ் மலை, மேற்கே பஸிபிக் சமுத்திரம், சுற்றிலும் பாலைவனம். சமுத்திரத்தில் ஓடும் குளிர்ந்த நீரோட்டத்தின் உபயத்தால் இங்கே மழை என்பது அநேகமாகக் கிடையாது. குளிர்காலத்தில் மூடுபனி இறங்கித் தெருவை நனைத்துவிட்டுப் போகும், அவ்வளவுதான்.

அப்படியானால் ஊர் எப்படிப் பிழைத்தது? மலையிலிருந்து இறங்கி வரும் காப்லினா என்ற சின்ன ஆற்றின் புண்ணியத்தால்தான். ஊருக்குள் இந்த ஆறு கண்ணுக்குத் தெரியாது. மரங்கள் வரிசையாக நிற்கும் பெரிய வீதிக்கு அடியில், மூடிய கால்வாயாக ஓடுகிறது. பள்ளத்தாக்கில் ஆலிவ் தோப்பு உண்டு, சோளம் உண்டு, மிளகாயும் உண்டு. மாட்டுக் குடல், உப்புக்கண்டம், உருளைக்கிழங்கு, காய்ந்த சிவப்பு மிளகாய் எல்லாம் சேர்த்து இவர்கள் காரசாரமாக ஒரு குழம்பு வைக்கிறார்கள். அதுதான் இந்த ஊரின் பெருமை!

ஸ்பானியர் ஆட்சியில் மலைமேல் இருந்த பொத்தோசி சுரங்கத்து வெள்ளியெல்லாம் அரிக்கா துறைமுகத்துக்குத்தான் இறங்கி வந்தது. ஆனால் அரிக்காவில் மலேரியாக் காய்ச்சல். ஆகையால் வியாபாரிகள் துறைமுகத்தில் சரக்கைப் போட்டுவிட்டு, கடல் மட்டத்திலிருந்து 560 மீட்டர் உயரத்தில் இருந்த டாக்னாவில் குடியிருந்தார்கள். கோவேறு கழுதைகளின் மேல் மூட்டைகளை ஏற்றி மலைக்கு அனுப்புவது இந்த ஊரின் தொழில். 1856-ல் இரண்டு ஊர்களையும் ரயில் பாதை போட்டு இணைத்தார்கள். தென் அமெரிக்காவின் பழைய ரயில் பாதைகளில் அது ஒன்று.

ஊருக்கு ரோஷமும் உண்டு. 1811 ஜூன் 20-ந் தேதி, ஸ்பானிய அரசின் கஜானாவில் வேலை பார்த்த பிரான்சிஸ்கோ அந்தோனியோ டி ஸேலா என்பவர், அந்த அரசையே எதிர்த்து டாக்னாவில் கொடி தூக்கினார். கலகம் அடக்கப்பட்டது, ஸேலா சிறையிலே மாண்டார். பெருவின் விடுதலை முழக்கம் முதலில் எழுந்தது இங்கேதான் என்று இன்றும் அவர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள்.

உப்புக்காக ஒரு யுத்தம்

இனி கதையின் சிக்கல் ஆரம்பமாகிறது. இந்தப் பாலைவனத்தில் வெடியுப்பு கிடைத்தது. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் உலகமெல்லாம் அதைத் தேடிக்கொண்டிருந்த காலம். அப்போது பொலிவியாவுக்கும் கடற்கரை இருந்தது. அங்கே உப்பு எடுத்த சிலி நாட்டுக் கம்பெனி மீது, குவிண்டாலுக்குப் பத்து சென்டாவோ வீதம் பொலிவியா வரி விதித்தது. கம்பெனி கட்ட மறுத்தது. 1879 பிப்ரவரியில் சிலியின் படை வந்து இறங்கியது. பொலிவியாவோடு ரகசிய உடன்படிக்கை செய்திருந்த பெருவும் யுத்தத்தில் இழுபட்டது.

1880 மே 26-ந் தேதி டாக்னாவுக்கு வெளியே இருந்த மேட்டில் பெரும் போர். பெருவும் பொலிவியாவும் சேர்ந்து நின்றும் தோற்றன. பொலிவியா அத்துடன் மலைக்குத் திரும்பிவிட்டது. ஜூன் 7-ந் தேதி அரிக்காவின் கடலோரக் குன்றும் விழுந்தது. கடைசிவரை சரணடைய மறுத்த கர்னல் பொலொக்னெஸி அங்கே உயிர் விட்டார்.

1883 அக்டோபரில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதில் விசித்திரமான ஷரத்து ஒன்று இருந்தது. டாக்னாவும் அரிக்காவும் பத்து வருஷம் சிலியின் கையில் இருக்கும். பிறகு அந்த ஊர் ஜனங்களே ஓட்டுப் போட்டு எந்தத் தேசத்தோடு சேர்வது என்று தீர்மானிப்பார்கள். ஜெயித்த தேசம் தோற்ற தேசத்துக்கு ஒரு கோடி வெள்ளி நாணயம் கொடுக்கவேண்டும்.

நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். பத்து வருஷம் போயிற்று. ஓட்டு மட்டும் வரவில்லை. யார் யார் ஓட்டுப் போடலாம், யார் நடத்துவது, எப்படி நடத்துவது என்று இரண்டு சர்க்கார்களும் வாதாடிக்கொண்டே இருந்தன. பத்து இருபதாயிற்று, இருபது முப்பதாயிற்று.

ஒரு நிபந்தனை

காத்திருந்த ஜனங்களின் பாட்டை நினைத்துப் பாருங்கள். 1900-ல் பெரு நாட்டுப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. 1910-ல் பெரு நாட்டுப் பாதிரிமார்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1911-ல் பெருவின் பக்கம் பேசிய பத்திரிகைகளின் அச்சுக்கூடங்களைக் கும்பல் நாசம் செய்தது. பெரு நாட்டவர் குடியிருந்த வீடுகளின் கதவில் கறுப்புச் சிலுவைக் குறி போட்டுப் பயமுறுத்துவதும் நடந்தது.

1901-ம் வருஷம் நடந்த ஒரு சம்பவத்தை அந்த ஊர்க் கவிஞர் பெடரிக்கோ பர்ரேட்டோ எழுதி வைத்திருக்கிறார். தொழிலாளர் சங்கம் ஒன்று புதிதாகத் தைத்த பெரு நாட்டுக் கொடியைக் கோவிலில் வைத்து ஆசீர்வாதம் வாங்க விரும்பியது. ஜூலை 28, பெருவின் சுதந்திர தினம். கொடியைத் தெருவழியாகக் கொண்டுபோக அனுமதி கேட்டார்கள். சிலி அதிகாரிகள் தயங்கினார்கள். கடைசியில் ஒரு நிபந்தனையுடன் சம்மதித்தார்கள்: கோஷம் கூடாது, பாட்டுக் கூடாது, சத்தமே கூடாது.

ஜனங்கள் வாக்குக் கொடுத்தார்கள். கொடி கோவில் வாசலைத் தாண்டி வெளியே வந்தது. ஊரே திரண்டு நின்றது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. கொடி முன்னால் போக, கூட்டம் பின்னால் நடந்தது. சங்கக் கட்டடம் வரையில் காலடிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

தடுக்க வேண்டும் என்று நினைத்தவர்களால் எதைத் தடுக்க முடியும், சொல்லுங்கள்! மௌனமாக நடப்பது எந்தச் சட்டப்படியும் குற்றமில்லையே!

பாதி திரும்பியது

1925-ல் அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜ் மத்தியஸ்தம் செய்து, ஓட்டெடுப்பு நடக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அதை நடத்தி வைக்க, முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் பெர்ஷிங்கே வந்து இறங்கினார். வந்தவர் கண்டது அடிதடியும் மிரட்டலுமே. சில மாதங்களில் அவர் புறப்பட்டுப் போனார். அவருக்குப் பின் வந்த ஜெனரல் லாஸிட்டர், நேர்மையான ஓட்டெடுப்பு இங்கே சாத்தியமில்லை என்று 1926-ல் கைவிரித்துவிட்டார்.

கடைசியில் 1929 ஜூன் 3-ந் தேதி லிமாவில் இரு தேசங்களும் பாகப்பிரிவினை செய்துகொண்டன. டாக்னா பெருவுக்கு, அரிக்கா சிலிக்கு. சிலி 60 லட்சம் டாலர் கொடுக்கவேண்டும். அரிக்காவில் பெருவுக்கு ஒரு கப்பல் துறையும், சுங்கச் சாவடியும், அந்தப் பழைய ரயிலுக்கு ஒரு ஸ்டேஷனும் தரவேண்டும். இந்த மண்ணை மூன்றாவது தேசத்துக்குக் கொடுப்பதானால் இருவரும் சம்மதிக்கவேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள். கடற்கரையை இழந்த பொலிவியாவின் ஆசைக்கு இந்த வரி இன்றுவரை ஒரு பூட்டு.

ஆகஸ்ட் 28-ந் தேதி டாக்னா தாய்நாட்டோடு சேர்ந்தது. 49 வருஷம் பொறுத்த ஊருக்கு அன்று திருவிழா. ஆனால் அரிக்காவில் இருந்த பெரு நாட்டவர்களும் அதே 49 வருஷம்தான் காத்திருந்தார்கள். அவர்களுக்கு அன்று திருவிழா இல்லை. ஜனங்கள் தீர்மானிப்பார்கள் என்று எழுதப்பட்ட விஷயத்தை, கடைசிவரை ஜனங்களை யாரும் கேட்காமலே தீர்த்துவிட்டார்கள்.

இன்று டாக்னாவுக்குப் போனால் நடு ஊரில் 1959-ல் திறந்த கல் வளைவு ஒன்றைப் பார்க்கலாம். கீழே இரண்டு வீரர்களின் சிலைகள்: கடலில் மாண்ட கிராவ், அரிக்காவில் மாண்ட பொலொக்னெஸி. பக்கத்தில் கதீட்ரல். 1875-ல் கட்ட ஆரம்பித்து, யுத்தத்தால் வேலை நின்று, முடிந்தது 1954-ல்! ஊரைப் போலவே அந்தக் கோவிலும் காத்திருந்தது.

ஆகஸ்ட் 28 தோறும் கொடி ஊர்வலம் நடக்கிறது. மிகப் பெரிய கொடியைப் பெண்கள் விரித்துப் பிடித்து வீதியில் சுமந்து வருகிறார்கள். இப்போது யாரும் வாயை மூடிக்கொண்டு நடப்பதில்லை. தெருவெல்லாம் ஆரவாரம், பூமாரி!

எல்லைப் பிணக்கு முழுவதும் தீர்ந்துவிடவில்லை. கடல் எல்லை பற்றி ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்புச் சொன்ன பிறகும், கரையோரத்தில் நாலு ஹெக்டேர்கூட இல்லாத ஒரு முக்கோணத் துண்டு நிலத்துக்கு இருவரும் உரிமை கொண்டாடுகிறார்கள். ஜூன் 7-ந் தேதி பெருவில் கொடி தினம். அதே நாளில் அரிக்காவில் வெற்றியைக் கொண்டாட விடுமுறை.

ஆனால் மறுநாள் காலையில் பாருங்கள். அரிக்காவாசிகள் பங்கு டாக்ஸியில் ஏறி, பாஸ்போர்ட்கூட இல்லாமல் அடையாளச் சீட்டைக் காட்டிவிட்டு டாக்னாவுக்கு வருவார்கள். எதற்கு? பல் கட்டிக்கொள்ள, மூக்குக்கண்ணாடி வாங்க, காரக் குழம்பு சாப்பிட! டாக்னாக்காரர்கள் வேலைக்கும் கடற்கரைக்கும் அரிக்கா போவார்கள். சர்க்கார்கள் ஐம்பது வருஷம் பாடுபட்டுப் போட்ட கோட்டைப் பல்வலிக்காரர்கள் ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடுகிறார்கள்.

யாரும் அவர்களை ஓட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் தினந்தோறும் அவர்கள் போட்டுக்கொண்டிருப்பது ஓட்டுத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு?