மருந்தின் பெயருக்கு விலை கொடுப்பதேன்?

இரத்தத்திலுள்ள கொழுப்பைக் குறைத்து மாரடைப்பைத் தடுக்க உதவும் அற்றோவாஸ்ரற்றின் குளிசையை அறியாத தமிழ்க் குடும்பம் ஒன்ராறியோவில் அரிதெனலாம். ஆயினும், அதனை ஒன்றுவிட்ட ஒரு நாள் உட்கொள்வோரும், முடிந்தபின் மீண்டும் வாங்காது விடுவோரும் எம்மவரிடையே உளர். பலருக்குக் காரணம் மறதியன்று, செலவு. மாகாண அரசின் சுகாதாரக் காப்புறுதி வைத்தியரைக் காணும் செலவை ஏற்கின்றதேயன்றி, வீட்டில் உட்கொள்ளும் மருந்தின் செலவைப் பொதுவாக ஏற்பதில்லை. தொழிலிடக் காப்புறுதி அற்றோரே இதனால் பெரிதும் இடருறுகின்றனர்.

இச்செலவிற் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது என்பதே நமது கருத்து.

லிப்பிற்றர் என்பது 2020 வரை பைசர் நிறுவனம் விற்று வந்த வணிகப் பெயர். மருந்தின் இயற்பெயர் அற்றோவாஸ்ரற்றின். 2010ஆம் ஆண்டு முதல் கனடாவிற் பிற நிறுவனங்களும் இதனை இயற்பெயரில் விற்று வருகின்றன. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, அரச மருந்துத் திட்டங்களுக்கான இதன் விலையை வணிகப் பெயர் மருந்தின் விலையிற் பத்திலொரு பங்காகக் குறைத்தது. விலை குறைந்தால் தரமும் குறையும் என்னும் ஐயம் நம்மவரை விட்டு இன்னும் அகலவில்லை. அதே மருந்துப் பொருள், அதே அளவு, உடல் அதனை ஏற்கும் வேகமும் அளவும் ஒத்தவை என நிறுவப்பட்ட பின்னரே கனடியச் சுகாதாரத் திணைக்களம் அனுமதி வழங்குகின்றது. நிறமும் வடிவமும் வேறுபடலாம், மருந்து வேறன்று.

இக்கொள்கை நமக்குப் புதியதுமன்று. 1971இல் இலங்கையில் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே, இயற்பெயரில் மருந்து வாங்கும் முறையை அங்கு வேரூன்றச் செய்தவர். பிற நாடுகளும் அதனை முன்மாதிரியாகக் கொண்டன.

அடுத்தது, மருந்தகம் ஒவ்வொரு முறையும் அறவிடும் வழங்கற் கட்டணம். குளிசை மலிந்துவிட்ட இக்காலத்தில் மருந்தின் விலையை விட இக்கட்டணமே மிகுதியாகலாம். அது 12 டொலர் எனக் கொள்வோம். மாதந்தோறும் வாங்குபவர் ஆண்டுக்கு 144 டொலர் செலுத்துவார். 90 நாட்களுக்கு ஒருமுறை வாங்குபவர் 48 டொலரே செலுத்துவார். மருந்தின் அளவு நிலைப்பட்டவர்கள் 90 நாட்களுக்கு எழுதித் தருமாறு வைத்தியரைக் கேட்கலாம். கட்டணம் கடைக்குக் கடை வேறுபடும். அதனை மக்கள் பார்வைக்கு வைத்தல் ஒன்ராறியோச் சட்டப்படி மருந்தகங்களின் கடமை.

குடும்ப வருமானத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்குக்கு மேல் மருந்துக்குச் செலவிடுவோருக்கு ரில்லியம் திட்டம் உண்டு. 65 வயதெய்தியோர் மாகாண மருந்துத் திட்டத்திற் சேர்க்கப்படுகின்றனர். எனினும், வருமானம் குறைந்த முதியோருக்கான சலுகைக்கு விண்ணப்பிக்கத் தவறின், ஆண்டுதோறும் முதல் 100 டொலரைத் தாமே செலுத்த நேரிடலாம். ஆங்கிலப் படிவங்களைக் கண்டு தயங்கும் பெற்றோருக்கு அவற்றை நிரப்பிக் கொடுத்தல் பிள்ளைகளின் பொறுப்பாகும்.

சந்தையிற் கத்தரிக்காய்க்கு விலை பேசத் தயங்காத நாம், மருந்தகத்தில் மட்டும் வாய் திறவாதிருப்பதேன்? விலை கேட்பது இழுக்கன்று. செலவு தாங்கவில்லையெனில் அதனை வைத்தியரிடமும் மருந்தாளரிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர்களைக் கேளாது குளிசையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.