டெலிவிஷனில் பங்கு மார்க்கெட்: யார் சொல்வதைக் கேட்பது?

காலை மணி 9.15. மும்பையில் பங்கு மார்க்கெட் திறக்கிறது. வணிக டெலிவிஷன் திரையின் அடியில் எண்கள் ஓடுகின்றன. பச்சை என்றால் விலை ஏற்றம். சிவப்பு என்றால் இறக்கம்.

பார்ப்பவர்கள் மும்பைக்காரர்கள் மட்டும் அல்ல. விழுப்புரத்தில் இருந்தும் திண்டிவனத்தில் இருந்தும் கையில் உள்ள போனிலேயே இன்று பங்கு வாங்கலாம், விற்கலாம்.

சரி, அந்த எண்களை நமக்கு விளக்கிச் சொல்கிறவர் யார்? அவரை எந்த அளவுக்கு நம்பலாம்? சேமிப்புப் பணம் உள்ள ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வி இது.

தத்துவம் படித்தவர்

இந்தத் தொழிலில் பெயர் பெற்றவர் ஷெரீன் பான். காஷ்மீர் பண்டிதர் குடும்பத்துப் பெண். டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் அவர் படித்தது கணக்கு அல்ல, பொருளாதாரமும் அல்ல. தத்துவம்! பிறகு புனே பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு.

எடுத்த எடுப்பில் அவர் திரைக்கு வந்துவிடவில்லை. பத்திரிகையாளர் கரண் தாப்பரின் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பேட்டி எடுப்பவருக்கு வேண்டிய விவரங்களைத் தேடிக் கொடுக்கும் வேலை.

2000 டிசம்பரில் 'சி.என்.பி.சி. டிவி 18' நிறுவனத்துக்கு வந்தார். 2002-ல் 'யங் டர்க்ஸ்' நிகழ்ச்சி தொடங்கியது. புதிதாகத் தொழில் தொடங்கிய இளைஞர்களை அதில் பேட்டி கண்டார். 2013 செப்டம்பரில், உதயன் முகர்ஜி வகித்து வந்த நிர்வாக ஆசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது.

மந்திரி, கம்பெனி முதலாளி, பாங்கித் தலைவர் என்று யார் வந்தாலும் அவர்களிடம் கேள்வி கேட்பதுதான் இவருடைய தொழில். வணிக நிருபரின் பெருமை அதில்தான் இருக்கிறது.

ஆனால், டெலிவிஷனில் இன்னொரு வேலையும் நடக்கிறது. "இந்தப் பங்கை வாங்குங்கள்" என்று சிபாரிசு செய்கிற வேலை. ஆபத்து அங்கேதான்!

விலை சொல்பவரே வாங்கினால்?

மல்லாட்டை விளைவிக்கும் நம் பக்கத்து விவசாயிக்கு இது எளிதில் புரியும். "மல்லாட்டை விலை ஏறப் போகிறது" என்று ஒரு தரகர் ஊரெல்லாம் சொல்கிறார். ஆனால் முதல் நாளே மூட்டைகளை வாங்கி அடுக்கி வைத்துவிட்டார். ஊரார் ஓடி வந்து வாங்குகிறார்கள். விலை ஏறுகிறது. தரகர் தன் சரக்கை விற்றுவிட்டுப் போய்விடுகிறார்!

பங்கு மார்க்கெட்டிலும் இப்படி ஒரு புகார் எழுந்தது. மார்க்கெட்டைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு 'செபி'. அது 2021 ஜனவரியில், இந்தி வணிக டெலிவிஷன் அறிவிப்பாளர் ஒருவர் மீது இடைக்கால உத்தரவு போட்டது. அவர் நிகழ்ச்சியில் சிபாரிசு செய்யப் போகும் பங்குகளை, அவருடைய மனைவி, தாயார் பெயரில் உள்ள கணக்குகளில் முன்கூட்டியே வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. சுமார் 2 கோடியே 95 லட்சம் ரூபாயை செபி முடக்கியது. டெலிவிஷன் நிறுவனமும் அவரை வேலையில் இருந்து நீக்கியது.

100-க்கு 93 பேர்

சிபாரிசை நம்பிச் சிலர் இன்னும் பெரிய பள்ளத்தில் இறங்குகிறார்கள். அதன் பெயர் 'எப் அண்ட் ஓ'. பங்கின் விலை ஏறுமா, இறங்குமா என்று முன்கூட்டியே பேரம் பேசிப் பணம் கட்டும் வியாபாரம்.

2024 செப்டம்பரில் செபி ஒரு கணக்கு வெளியிட்டது. 2021-22 முதல் 3 ஆண்டுகளில், ஒரு கோடிக்கும் அதிகமான தனி ஆட்கள் இதில் இறங்கினார்கள். 100-க்கு 93 பேருக்கு நஷ்டம்! மொத்த நஷ்டம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல்.

நாம் கேட்க வேண்டியது

ஆகவே, திரையில் ஒருவர் பங்கின் பெயரைச் சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். முதலில் 3 கேள்வி கேளுங்கள்.

இவர் செபியில் பதிவு பெற்றவரா?

இந்தப் பங்கு இவரிடமோ, இவர் குடும்பத்தாரிடமோ இருக்கிறதா? பதிவு பெற்ற ஆய்வாளர் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2014-ம் ஆண்டு விதி.

நஷ்டம் வந்தால் அது யார் தலையில் விழும்?

மல்லாட்டை விற்கப் போனால் தராசைப் பிடிப்பவர் யார் என்று பார்க்கிறோம். டெலிவிஷன் முன் உட்காரும்போதும் அதே கண்ணோடு பார்ப்போம். வீட்டுப் பணம் வீட்டில் தங்கும்.